வரத்துக்கால் எங்கே?

எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரியதற்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த விழாப் படங்களை நானும் பார்த்தேன். பொக்லைனுக்கு மாலை, கரையில் பூசணிக்காய், ட்ரோனில் எடுத்த வீடியோ. லைக் போட்டுவிட்டுக் கீழே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "வரத்துக்காலை வெட்டியாகிவிட்டதா?" அதற்குத்தான் இரண்டு நாளாக எனக்கு இந்த அர்ச்சனை.

கண்மாய் என்றால் வெறும் குழி இல்லை ஐயா. தண்ணீர் வந்து சேர வரத்துக்கால், வயலுக்குப் பாய மடை, மிஞ்சியது அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகக் கலுங்கு. எங்கள் வரத்துக்காலில் பாதி தூரம் சீமைக்கருவேலம். மீதியில் ஒரு செங்கல் சூளையும் வீட்டுமனைக் கற்களும். அதில் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்கவில்லை. பிறகு எந்த வழியாகத் தண்ணீர் வரும்? ட்ரோனிலா?

தோண்டியதற்காவது கணக்கு உண்டா? மடையின் மட்டத்துக்குக் கீழே ஓர் ஆள் உயரம் தோண்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மோட்டார் வைத்துத்தான் இறைக்கவேண்டும். நடுவில் பறவைகளுக்கென்று ஒரு மண்தீவு வேறு. கொக்கும் நாரையும் இத்தனை வருடமாக அடைந்துகொண்டிருந்த நாட்டுக் கருவேல மரங்களை வெட்டிவிட்டுத்தான் அந்தத் தீவைக் கட்டினார்கள்.

"ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இதாவது செய்தார்களே" என்கிறார் ஒரு தம்பி. "கிணறுகளில் ஊற்றுப் பெருகும்" என்கிறார் இன்னொருவர். பெருகும், மறுக்கவில்லை. ஊறுவதற்கு முதலில் தண்ணீர் வரவேண்டும். வரத்துக்கால் எங்கே?

"அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதுதானே?" கேட்காமலா இருக்கிறோம்? ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. 2017இல் குடிமராமத்து (ஊராரே சேர்ந்து நீர்நிலையைச் சீர்செய்வது) என்று பழைய பெயரையே தூசி தட்டி எடுத்து, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து 39 ஆயிரத்துக்கு மேல். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் ஒரு துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் வரத்துக்காலைப் பற்றிக் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

என் தாத்தா அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி, மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுபவர். ஐப்பசி வெள்ளத்தில் மூச்சடக்கி மூழ்கி, கண்மாய்க்குள் இருக்கும் பழைய மடையான குமிழியின் கல்லைத் தூக்கிவிட்டு மேலே வருவார். மீசையெல்லாம் வண்டல் ஒட்டியிருக்கும். குமிழியில் மேலே நீரோடித் துளை, தரையோடு சேறோடித் துளை. தண்ணீரோடு சேறும் போய் வயலுக்கு உரமாகும். சித்திரையில் வீட்டுக்கு ஓர் ஆள் வரத்துக்கால் வெட்டப் போகவேண்டும். வராத வீட்டு வயலுக்குக் கடைசித் தண்ணீர்தான். நானும் ஏழு வயதில் இரும்புச் சட்டியில் மண் சுமந்திருக்கிறேன். முதலில் வரத்துக்கால், பிறகுதான் கண்மாய். இது படிக்காத என் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

உடனே "பழங்கதை பேசுகிறான், பொற்காலம் என்கிறான்" என்று கிளம்பவேண்டாம். இந்தக் கரை, கால்வாய் வேலையைக் கட்டாயமாக வாங்க 1858இல் ஆங்கிலேயர் சட்டமே போட்டார்கள். யார் மண் சுமந்தார்கள், யார் கரைமேல் குடை பிடித்து நின்றார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் தாத்தா குடை பிடித்தவர் இல்லை.

"சென்னையில் உட்கார்ந்துகொண்டு கண்மாயைப் பற்றிப் பேச இவன் யார்?" இதை எழுதியவர் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவர். எங்கள் கண்மாய் தொடர்ந்து மூன்று வருடம் நிறையாததால்தான் நான் பஸ் ஏறினேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். பரவாயில்லை.

அப்பா ஊரில்தான் இருக்கிறார். தாத்தாவுக்குப் பிறகு அவர்தான் நீர்ப்பாய்ச்சி. இப்போது மடைக்கு இரும்புப் பலகை. அதன் திருகுக் கம்பி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் சாத்தியிருக்கிறது. மேடையில் பதினான்கு பேருக்குச் சால்வை போட்டார்கள், எண்ணிப் பார்த்தேன். அப்பாவை விழாவுக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை.

நேற்று போன் செய்தார். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மடைவாயில் மண்ணைக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மழைக்கு முன்னால் அள்ளவேண்டும். யாரிடம் சொல்வது?" என்று கேட்டார்.

யாரிடம் என்று விழாக் குழுவினர் இங்கேயே எழுதினால், அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.