"குழந்தையைக் குளிப்பாட்டுறீங்களா இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு

என் மகளுக்கு இரண்டு வயதிலிருந்தே கரப்பான், அதாவது எக்சிமா. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்துச் சிவந்து கிடக்கும். இரவெல்லாம் சொறிவாள். சில நாட்களில் அந்த இடத்தில் தேன் காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குக் கட்டிவிடும். அதைப் பார்த்தவுடன் வரும் முதல் கேள்விதான் தலைப்பில் இருப்பது. எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், என் மனைவியிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள், அவள் பதில் சொல்லாமல் குழந்தையின் சட்டைக் கையை இழுத்து விடுவாள். அதனால் ஒருமுறை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

தோல் என்பது உடம்புக்கு மேலே போர்த்திய உறை, அழுக்குப் படிந்தால் தேய்த்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தவன்தான். உண்மையில் நம் தோல் செல்களே கிருமியைக் கொல்லும் சின்னச் சின்னப் புரதங்களைத் தயாரிக்கின்றன. டிஃபென்சின், கேத்தலிசிடின், சொரியாசின் என்று பல வகை, வியர்வையோடு வருகிற டெர்ம்சிடின் தனி. இவற்றில் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் கொண்டவை. பாக்டீரியாவின் வெளிப்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது, நம் செல்களின் வெளிப்பக்கமோ பெரும்பாலும் நடுநிலையானது. அதனால் இந்தப் புரதங்கள் நம் செல்களை விட்டுவிட்டு பாக்டீரியாவிடம் போய் ஒட்டிக்கொண்டு அதன் சவ்வைக் கிழிக்கின்றன. சொரியாசின் வேறு வழி வைத்திருக்கிறது, பாக்டீரியாவுக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பட்டினி போடுகிறது. நாம் ஒன்றும் செய்யாமலே இதெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது.

இது தெரிய வந்த விதம்தான் என்னை உலுக்கியது. சொரியாசிஸ் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள், தோல் செதில் செதிலாக உரியும், வெடிக்கும், சில நேரம் ரத்தம் கசியும். கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். ஆனாலும் அந்த இடங்களில் சீழ் பிடிப்பது அபூர்வம். ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்டர், ஷ்ரோடர் குழுவினர் அந்த உதிர்ந்த செதில்களையே எடுத்துச் சாறாக்கி, ஈ.கோலை பாக்டீரியாவைப் பொருத்திய குழாய் வழியே விட்டார்கள். பாக்டீரியாவோடு எது ஒட்டிக்கொள்கிறதோ அதைப் பிரித்தெடுத்தார்கள். 1997ல் பீட்டா டிஃபென்சின் 2 கிடைத்தது இப்படித்தான், நாம் கூட்டித் தள்ளுகிற செதிலுக்குள்ளிருந்து!

சரி, எக்சிமாவுக்கு வருகிறேன். அதுவும் தோல் வெடிக்கிற நோய்தான், ஆனால் அதில் மட்டும் ஏன் இப்படித் திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது? 2002ல் அமெரிக்காவில் சொரியாசிஸ் வந்தவர்கள், எக்சிமா வந்தவர்கள் என்று இரு தரப்பினரின் தோலையும் எடுத்து ஒப்பிட்டார்கள். சொரியாசிஸ் தோலில் பீட்டா டிஃபென்சின் 2, கேத்தலிசிடின் வகையான எல்எல்-37 இரண்டும் நிறைய இருந்தன. எக்சிமா தோலில் இரண்டுமே வெகு குறைவு. எக்சிமாவில் அதிகமாகச் சுரக்கும் இன்டர்லூகின் 4, 13 என்ற சமிக்ஞைகள், இந்தப் புரதங்களைத் தயாரிக்கவிடாமல் தோலைத் தடுக்கின்றன. அதே ஆய்வில், இரண்டு புரதங்களும் சேர்ந்தால்தான் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை நன்றாகக் கொல்கின்றன என்றும் தெரிந்தது. என் மகள் முழங்கையில் மஞ்சள் பொருக்குக் கட்டுவதும் அந்தக் கிருமியால்தான். எக்சிமா வந்த இடங்களில் சுமார் 70 சதவீதம் நோயாளிகளுக்கு அது இருக்கிறது.

அதாவது அவள் தோலில் அழுக்குக் கூடவில்லை, ஆயுதம் குறைந்திருக்கிறது. அதை எந்த அம்மாவும் தேய்த்துக் கொண்டுவர முடியாது.

தேய்க்கவும் செய்தோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பேச்சுக்குப் பயந்து கிருமிநாசினி சோப்பு வாங்கி தினமும் இரண்டு வேளை நார் போட்டுத் தேய்த்தோம். அவள் கத்துவாள். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும், அந்த அமிலமும் கிருமிக்கு எதிரான காவல்தான். சாதாரணக் கட்டிச் சோப்பு பிஎச் 9, 10, அதாவது அமிலத்துக்கு நேரெதிரான காரத்தன்மை. எக்சிமா தோலில் ஏற்கனவே அமிலத்தன்மை குறைவு, நாங்கள் இருந்ததையும் கழுவி விட்டோம். காயம் பெரிதானது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் அதை நிறுத்தச் சொன்னார்: வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளியல், காரமில்லாத க்ளென்சர், ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்னே மாய்ஸ்சரைசர், சிவந்த இடத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த களிம்பு. இரண்டு வாரத்தில் அவள் ராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பித்தாள்.

எக்சிமா உள்ள குழந்தைக்குப் பொருக்கு வேகமாகப் பரவினாலோ, தொட்டால் சூடாக இருந்து சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அது தொற்று. கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் வலியோடு வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், ஹெர்ப்பிஸ் வைரஸும் இதே தோலில்தான் எளிதாகப் பரவும். அப்புறம், குழந்தையின் அம்மாவிடம் எதையாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், நேற்று ராத்திரி தூங்கினீர்களா என்று கேளுங்கள்.