சேர்வராயன் காட்டுக்காகக் காமராசர் எழுதியதாகச் சுற்றும் கடிதம் போலி

சேர்வராயன் மலையில் மரம் வெட்டக் கூடாதென்று 1962-இல் முதல்வர் காமராசர் பிரதமர் இந்திராவுக்கு எழுதிய கடிதம் என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. அது போலி. 1962-இல் பிரதமர் நேரு. இந்திரா காந்தி பதவியேற்றது 1966 ஜனவரியில். கடிதத் தலைப்பில் 'தமிழ்நாடு அரசு' என்று இருக்கிறது; சென்னை மாநிலத்தின் பெயர் அதிகாரப்பூர்வமாகத் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரி 14-இல். கீழே 636001 என்று பின்கோடு வேறு! அந்த முறையே 1972-இல்தான் தொடங்கியது.

பழைய கடிதம் எது வந்தாலும் துறை, கோப்பு எண், தேதி மூன்றையும் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் தேடலாம். அங்கே கிடைக்காததாலேயே ஒன்று போலியாகிவிடாது; எல்லாக் கோப்புகளும் இன்னும் ஸ்கேன் ஆகவில்லை. மாநிலக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

காப்புக்காட்டுக்கு, அதாவது அரசு பாதுகாப்பதாக அறிவித்த காட்டுக்கு, சட்டப் பலம் தருவது கடிதமல்ல, 1882 வனச் சட்டம் 16-ஆம் பிரிவின்படி அரசிதழில் வந்த அறிவிக்கை. காட்டைக் காக்க மனு கொடுப்பவர்கள் அதன் நகலை இணையுங்கள். இந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.