சங்கிலி இல்லாத நாளிலும் செய்தி எடுக்க வாருங்கள்

புயல் கூண்டு ஏற்றினால், இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், கடல் உள்வாங்கினால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்கு மைக் வந்துவிடும். வரத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே கரையில், வருடக் கணக்காக நீளும் ஒரு நோயோடு பல குடும்பங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. மனச்சிதைவு நோய், ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரினியா. அதைப் பற்றி உருப்படியாக ஒரு செய்தி வரவைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது.

என் தம்பிக்கு அந்த நோய் இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாத, போட்டோ போடாத, மாத்திரையைப் பத்தி எழுதுக்கா" என்றான்.

மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் பழக்கமான சில குடும்பங்கள் சேர்ந்து, பத்திரிகையிலும் டிவியிலும் இதைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று முயற்சி செய்தோம். ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் போனில் பொறுமையாகத்தான் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சம்பவம் ஏதாச்சும் இருக்காம்மா? கட்டிப் போட்ட மாதிரி விஷுவல் கிடைக்குமா?" என்றார். அப்படி யாரும் இல்லை என்றோம். "சரி, அக்டோபர் 10 வரட்டும், உலக மனநல நாள், அப்பப் பார்ப்போம்" என்றார். அக்டோபர் 10 வந்தது. பேரணியில் பதாகை பிடித்து நடந்த கல்லூரிப் பிள்ளைகளின் படம் வந்தது. நோயைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சம்பவம் இல்லாமல் செய்தி அனுப்பினால் மேலே உள்ளவர்கள் போட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஏர்வாடிக்குப் பக்கத்தில் வாழ்கிற ஒருத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது சாதாரண விஷயமில்லை.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். மறுநாள் நாடு முழுக்க அதுதான் செய்தி. ஊடகத்தின் பலம் என்ன என்பதை அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்தோம். நாளிதழ்களில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த மாதமே அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

அதனால் ஊடகம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் செய்தி வராமல் இருந்திருந்தால் அந்தச் சங்கிலி இன்னும் எத்தனை வருடம் கிடந்திருக்குமோ. என் ஆதங்கம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். ஆகஸ்ட் 6 வந்தால் அதே பழைய படங்கள் திரும்ப வருகின்றன. அந்தப் படங்களைப் பார்த்து, வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இன்னும் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று மறைக்கிறார்கள். மறைப்பதால் வைத்தியம் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகப் போக நோய் முற்றுகிறது.

அந்த 2017 சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சிகிச்சையில் இருக்கும் மனநோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. இது 24ஆவது பிரிவு. 2019இல் இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் இதை எடுத்துச் சொன்னது. 30ஆவது பிரிவு, மனநலத்தைப் பற்றித் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, இணையம் வழியாகத் தொடர்ந்து மக்களிடம் சொல்வதும், நோயாளி மேல் உள்ள அவப்பெயரைக் குறைப்பதும் அரசின் கடமை என்கிறது. தொடர்ந்து என்றால் வருடத்துக்கு ஒரு பேரணி ஆகாது.

சம்பவம் இருக்கா என்று அந்தச் செய்தியாளர் கேட்டாரே, எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் சம்பவம்தான். இந்த நோய் பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்று உழைக்கத் தொடங்குகிற வயதில்தான் வருகிறது. தம்பி நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தான். முதலில் தூக்கம் போனது. அப்புறம் கூட வருகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். யாருக்கும் கேட்காத குரல் அவனுக்குக் கேட்டது. பயத்தில் இருக்கிறவனைப் பார்த்து ஊர் பயந்தது. மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் குரல் அடங்கியது. ஆனால் மாத்திரை போட்டால் தூக்கம் அசத்தும், உடம்பு வைக்கும், சிலருக்குக் கை நடுங்கும். விடியும் முன்னே படகு தள்ளுகிறவனுக்கு அந்தத் தூக்கம் பெரிய இடைஞ்சல். நல்லாத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிடுவான். சில மாதத்தில் நோய் திரும்பிவிடும். பிறகு டாக்டரிடம் கடல் வேலை நேரத்தை விவரமாகச் சொன்னோம். மருந்தையும் அளவையும் போடும் நேரத்தையும் அவர் மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து விடாமல் போடுகிறான். இப்போது கரையில் வலை வேலை பார்க்கிறான், சம்பாதிக்கிறான்.

மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, தூக்கம் அதிகமானால் டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. இதை ஒரு செய்தி சொல்லியிருந்தால் இந்தக் கரையில் எத்தனை வீடுகளுக்கு உதவியிருக்கும்! மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகிறது, பஸ்ஸில் அலைய வேண்டியிருக்கிறது. சில நாள் ஒரு மாத்திரை இருக்கும், இன்னொன்று இருக்காது. இதெல்லாம் செய்தி இல்லையா?

மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்குப் போவதைக் கேலி செய்து ஒளிபரப்புவதும் வேண்டாம். நம்பிக்கையோடு வருகிறவர்களை விரட்டினால் அவர்கள் வேறு எங்கோ போய் ஒளிந்துகொள்வார்கள். குஜராத்தில் உனாவா தர்காவில் தொடங்கிய வழிமுறை ஏர்வாடிக்கும் வந்தது. தவா, துவா என்று மருந்தும் பிரார்த்தனையும் பக்கத்தில் பக்கத்தில். துவா கேட்கட்டும், மாத்திரையும் போடட்டும். அதை எத்தனை சேனல் காட்டியது?

தலைப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'மனநலம் பாதித்த வாலிபர் வெறிச்செயல்' என்று போடுகிறார்கள். இந்த நோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். அப்படி ஒரு தலைப்பு வந்த வாரத்தில் டீக்கடையில் தம்பிக்குத் தனி டம்ளர் கொடுத்தார்கள். எழுதியவருக்கு அது தெரிய நியாயமில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் பெரிய டிவி கேமராவைவிட, பாம்பனில் மீனவர்களுக்கென்றே நடக்கும் கடல் ஓசை 90.4 மாதிரியான சமுதாய வானொலி இதற்குப் பொருத்தம். முகம் தெரியாது. பேசுகிறவர் நம் பேச்சிலேயே பேசுவார். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணையும் அதில் தினமும் சொல்லலாம்: 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்து ஒருவருக்கும் இந்த எண் தெரிந்திருக்கவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்துச் செய்தியாளர்கள் இதைப் படித்தால் ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ வாருங்கள். மாத்திரை வரிசையில் எங்களோடு நில்லுங்கள். மருந்து ஏன் தீர்ந்துபோகிறது என்று கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள், நாங்கள் கேட்டால் பதில் வருவதில்லை. தம்பி பேசத் தயாராக இருக்கிறான். முகம் காட்டக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, எழுதியதை முதலில் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் சரி என்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.