சாரா ஜேன் ஸ்மித்தை உருவாக்கியவர் யார்?

பபிள் ராப் தெரியும்தானே, புது டிவி வாங்கினால் சுற்றி வருமே, பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று உடைப்பார்களே, அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்து 1975இல் பிபிசி வேற்றுக்கிரகப் பூச்சி என்று காட்டியது. டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுவாரே, அந்த 'டாக்டர் ஹூ' தொடரில் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' என்ற கதை. இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அதே கதையில் டாக்டரோடு பயணம் செய்யும் சாரா ஜேன் ஒரு குறுகலான குழாய்க்குள் மின்கம்பியை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போவாள், நடுவில் மாட்டிக்கொள்வாள், இனி முடியாது என்று குரல் உடைந்துவிடும். டாக்டர் அவளுக்கு ஆறுதல் சொல்ல மாட்டார், கண்டபடி திட்டுவார், உன்னை நம்பினேன் பார் என்கிற ரகத்தில். அந்தக் கோபத்திலேயே அவள் உந்தித் தள்ளி வெளியே வந்து விழுவாள், வந்து பார்த்தால் மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்பார். கோபம், புரிதல், அசடு, சிரிப்பு எல்லாம் ஒரே முகத்தில் சில நொடிக்குள் ஓடும். அந்த முகம் எலிசபெத் ஸ்லேடனுடையது.

என் கட்சி இதுதான். சாரா ஜேன் ஸ்மித்தை எழுதியவர்கள் பலர், உருவாக்கியவர் ஸ்லேடன். "அந்தக் காலத்திலேயே எழுத்தாளர்கள் தந்த பெண்ணியப் பாத்திரம்" என்று யாராவது எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது. தொடக்கம் என்னவோ பிரமாதம், மறுக்கவில்லை. 1973 டிசம்பரில் அறிமுகம். பத்திரிகையாளர், அத்தையின் பெயரைச் சொல்லி ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைகிறாள், டாக்டரின் காலயந்திரமான டார்டிஸில் ஒளிந்து இடைக்காலத்துக்கே போய்ச் சேர்கிறாள், அங்கே டாக்டரையே வில்லன் என்று சந்தேகப்பட்டு அவரைத் தூக்கிக்கொண்டு வரத் திட்டம் போடுகிறாள். அப்புறம்? வசனத்தாளில் அவளுக்குப் பாதி நேரம் என்ன வேலை என்றால் மயங்கி விழுவது, வசியப்படுவது, கட்டிப்போடப்படுவது, அலறுவது. ஒரு கதையில் கண்பார்வையே போய்விடும். இன்னொருவர் நடித்திருந்தால் அந்தப் பெண் பெயர்கூட நமக்கு ஞாபகம் இருக்காது.

ஸ்லேடன் செய்தது என்னவென்றால், பயத்தை நிஜமாகவே பயந்தார். எதிரே நிற்பது ரப்பர் உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள் என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும், ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் நாம் மறந்துவிடுவோம். லிவர்பூலில் 1946இல் பிறந்து, அங்கே நாடக மேடையில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். அந்தப் பயிற்சி என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு பயந்தாலும் அடுத்த நிமிடம் ஒரு கிண்டல், ஒரு முறைப்பு, மூக்கைச் சுருக்குவது என்று தாளில் இல்லாத ஏதாவது ஒன்று வந்துவிடும். 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையில், டாலெக்குகள் என்ற கொலைவெறி பிடித்த எதிரிகளைக் கருவிலேயே அழிக்கலாமா என்று டாக்டர் இரண்டு மின்கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்குவார். அந்த டாக்டராக நடித்த டாம் பேக்கரின் நடிப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பக்கத்தில் நின்று, இது ஒரு நோய்க்கிருமியாக இருந்தால் யோசிப்பீர்களா என்று வாதாடுவது சாரா ஜேன். அவள் அங்கே அவ்வளவு தவிப்போடு நிற்காவிட்டால் டாக்டரின் தயக்கம் வெறும் மேடைப் பேச்சாகிப் போயிருக்கும்.

1976 அக்டோபரில் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கதையோடு விலகினார். பாத்திரத்தைச் சாகடிக்கவும் வேண்டாம், யாருக்காவது கட்டிக்கொடுக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். எவ்வளவு தெளிவு பாருங்கள். டாக்டரோடு பயணம் செய்த பெண்களைத் தொடரிலிருந்து அனுப்ப வேண்டும் என்றால் திடீரென்று ஒருவனைக் காதலிக்க வைத்து இறக்கிவிடுவது அங்கே பழைய வழக்கம். இங்கே அது நடக்கவில்லை. டாக்டருக்குத் தன் சொந்தக் கிரகத்திலிருந்து அழைப்பு வரும், மனிதர்களை அங்கே கூட்டிப்போக முடியாது. அதற்குள் இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று சும்மா மிரட்டிக்கொண்டிருப்பாள். சரி, போ என்று நிஜமாகவே சொல்லிவிடுவார். தெருவில் இறங்கி நின்று பார்த்தால் அது அவள் ஊர்கூட இல்லை. அந்தக் கடைசி உரையாடலில் ஸ்லேடனுக்கும் பேக்கருக்கும் பெரிய பங்கு உண்டு, தாங்களே பேசி மெருகேற்றியது. அழுகையே இல்லாமல் நம்மை அழ வைக்கும் காட்சி.

1981இல் கே-9 என்ற இயந்திர நாயோடு சேர்த்து அவளுக்குத் தனித்தொடர் ஒன்று முயன்றார்கள், ஒரே அத்தியாயத்தோடு நின்றது. அதன் தொடக்கப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

பிறகு 2006. 'டாக்டர் ஹூ'வில் 'ஸ்கூல் ரீயூனியன்' என்ற எபிசோட். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்பறியப் போன இடத்தில் அறைக் கதவைத் திறக்கிறாள், உள்ளே அந்த நீலப் பெட்டி, டார்டிஸ். பின்வாங்கித் திரும்பினால் டேவிட் டெனன்ட் நிற்கிறார், டாக்டராக. டாக்டருக்கு உடலும் முகமும் அவ்வப்போது மாறும், நடிகரும் மாறுவார். முகம் வேறு, ஆள் அவர்தான் என்று அவளுக்குப் புரிகிறது. இத்தனை வருடம் காத்திருந்தேன், நீ வரவே இல்லை, செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன் என்கிறாள். அதுவரை அந்தத் தொடர் யாரையும் இப்படிக் கேள்வி கேட்க விட்டதில்லை. கூட்டிக்கொண்டு போய் நட்சத்திரங்களைக் காட்டிவிட்டு ஏதோ ஒரு தெருவில் இறக்கிவிட்டால் அந்தப் பெண் மீதி வாழ்க்கையை எப்படி வாழ்வாள்? இளம் வயதுக்காரர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது. அறுபது வயது ஸ்லேடன் கேட்டார், அந்த முப்பது வருடமும் அவர் முகத்தில் இருந்தது.

அந்த ஒரு எபிசோடின் வரவேற்பில் வந்ததுதான் 'தி சாரா ஜேன் அட்வென்சர்ஸ்', 2007 புத்தாண்டு அன்று தொடங்கியது. என்னைக் கேட்டால் எழுபதுகளைவிட இதுதான் அவருடைய பெரிய சாதனை. பழைய ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். அறுபது தாண்டிய நடிகைக்கு டிவியில் என்ன கொடுப்பார்கள்? பாட்டி, மாமியார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு அம்மா. இங்கே அவர்தான் நாயகி, அதுவும் சிறுவர்கள் பார்க்கும் சாகசத் தொடரில். லண்டன் ஈலிங்கில் தனியாக ஒரு வீடு, மாடியறையில் பேசும் கணினி, கையில் லிப்ஸ்டிக் வடிவத்தில் ஒரு சோனிக் கருவி. துப்பாக்கியைத் தொட மாட்டாள். வேற்றுக்கிரகவாசிகள் உருவாக்கிய ஒரு பையனை மகனாக எடுத்து வளர்க்கிறாள், அம்மாவாக இருக்கத் தெரியாமல் தடுமாறுகிறாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் முதலில் எரிந்து விழுகிறாள். எதிர்வீட்டுக்குக் குடிவரும் ராணி சந்திரா என்ற பெண்ணுக்குப் பத்திரிகையாளர் ஆகவேண்டும் என்று ஆசை, அவளுக்கு இவள்தான் குரு. எழுபதுகளின் டாக்டர் இவளுக்கு எப்படி இருந்தாரோ அப்படி இந்தப் பிள்ளைகளுக்கு இவள் இருந்தாள், ஒரே வித்தியாசம், இவள் யாரையும் தெருவில் இறக்கிவிட்டுப் போகவில்லை.

2011 ஏப்ரல் 19 அன்று புற்றுநோயால் ஸ்லேடன் இறந்தார். வயது 65. நோய் இருந்ததே வெளியில் பலருக்குத் தெரியாது, அதனால் செய்தி வந்தபோது யாராலும் நம்ப முடியவில்லை. ஐந்தாவது சீசன் பாதிதான் படமாகியிருந்தது, எடுத்தவரை அந்த அக்டோபரில் ஒளிபரப்பினார்கள். முடிவில் சாரா ஜேனைச் சாகடிக்கவில்லை. கதை என்றென்றும் தொடரும் என்ற பொருளில் ஒரு வரி போட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அதனால்தான் 2020 ஊரடங்கில், அவருடைய நினைவு நாளில், 'அட்வென்சர்ஸ்' தொடரை உருவாக்கிய ரசல் டி. டேவிஸ் எழுதி இணையத்தில் வந்த சாரா ஜேனின் பிரிவு நிகழ்ச்சி எனக்கு ஒட்டவில்லை. பழைய நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே நடித்துக்கொடுத்தார்கள், நன்றாக எழுதப்பட்டதுதான், நானும் அழுதேன். ஆனாலும் நடிகை போய்விட்டார் என்பதற்காகப் பாத்திரத்துக்கும் இறுதிச் சடங்கு செய்ய வேண்டுமா? சாகடிக்க வேண்டாம் என்று 1976லேயே சொல்லிவிட்டுப் போனவர் ஆயிற்றே. அடுத்த வருடம் ஆடியோ நாடகங்களில் சாரா ஜேனுக்கு ஸ்லேடனின் மகள் சேடி மில்லர் குரல் கொடுக்க ஆரம்பித்தார். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

பார்க்காதவர்கள் 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கடைசி பாகத்தைப் பார்த்துவிட்டு நேராக 'ஸ்கூல் ரீயூனியன்' போடுங்கள், நடுவில் வேறு எதையும் பார்க்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'அட்வென்சர்ஸ்' முதல் சீசனிலிருந்து. கே-9 பாட்டைக் கேட்டே தீருவேன் என்பவர்கள் கேட்டுவிட்டு என்னைத் திட்ட வரக்கூடாது.