1988: என் ஓட்டு அகிராவுக்கு அல்ல, பன் தலையனுக்கு

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் பார்க்கிற நாலு பேர் கூடினால், எந்த ஆண்டு பெரிய ஆண்டு என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒருவர் 1998 என்பார், கௌபாய் பீபாப் வந்த ஆண்டாயிற்றே. இன்னொருவர் 2011 என்பார், மடோகாவும் ஸ்டெயின்ஸ் கேட்டும் ஒரே ஆண்டில் வந்ததைச் சொல்லி. கொஞ்சம் மூத்த ரசிகர் 1988 என்று சொல்லி, 'அகிரா' என்ற ஒரே படத்தின் பெயரில் வாதத்தை முடித்துவிடுவார். அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல ஒரு பார்வை வேறு.

என் ஓட்டும் 1988க்குத்தான். ஆனால் அகிராவுக்காக அல்ல. அந்த ஆண்டின் முக்கியமான அனிமே என்று நான் நினைப்பது, அக்டோபர் 3ஆம் தேதி நிப்பான் டிவியில் தொடங்கிய ஒரு குட்டிப் பிள்ளைகள் தொடர். நாயகனுக்குத் தலையே ஒரு பன். உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம் வைத்து ஜப்பானியர்கள் செய்யும் ஆன்பான் என்ற பன். பசியோடு யாராவது உட்கார்ந்திருந்தால் பறந்து வந்து, தன் முகத்தைப் பிய்த்துச் சாப்பிடக் கொடுப்பான். பெயர் ஆன்பான்மேன்.

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்த ஆண்டில் என்னென்ன வந்தன என்று பார்த்துவிடலாம். மார்ச்சில் குண்டம் என்ற ரோபோ தொடரின் படம் 'சார்ஸ் கவுண்டர்அட்டாக்'. ஏப்ரலில் டிவிக்குப் போகாமல் நேராக வீடியோ கேசட்டில் வந்த 'பேட்லேபர்' தொடர், இயக்கம் மமோரு ஓஷி. அக்டோபரில் 'கன்பஸ்டர்', ஹிதேயாகி அன்னோ இயக்குநராக எடுத்த முதல் படைப்பு. பின்னாளில் எவாஞ்சலியன் எடுத்த அதே அன்னோதான். டிசம்பரில் 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' வீடியோ தொடராகத் தொடங்கியது. சந்தா கட்டியவர் வீட்டுக்குக் கேசட் தபாலில் வரும். அதன் முதன்மைத் தொடர் 1997 வரை 110 பகுதிகள் ஓடியது. இதில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு போடலாம், இன்று வேண்டாம். இன்று நான் பேச வந்தது நாலு படைப்புகளைப் பற்றி: கிப்லி ஸ்டூடியோவின் இரண்டு படங்கள், அகிரா, பன் தலையன்.

அன்றைய ஜப்பான் எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருளாதாரம் வீங்கிப்போய்க் கிடந்த காலம். டோக்கியோவில் மனை விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. மார்ச்சில் டோக்கியோ டோம் திறந்தார்கள். கடலடியில் போகும் செய்கான் ரயில் சுரங்கமும் அதே மாதம் திறந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் கடைசியில் நிக்கெய் பங்குக் குறியீடு 38,915ஐத் தொட்டது. சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்பது தாத்தா பாட்டி சொல்லும் பழங்கதை ஆகிவிட்ட நாடு அது. அப்படிப்பட்ட நாட்டில், அப்படிப்பட்ட ஆண்டில், அனிமே எடுத்தவர்கள் எதைப் பற்றி எடுத்தார்கள்? பசியைப் பற்றி. எரிந்துபோன ஊரைப் பற்றி. இதுதான் எனக்கு 1988.

ஏப்ரல் 16. 'மை நெய்பர் டோட்டோரோ', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' இரண்டும் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக வெளிவந்தன. டோட்டோரோவை மட்டும் தனியாக வெளியிடப் பணம் போடுபவர்களுக்குத் துணிச்சல் இல்லை. ரோபோ இல்லை, சண்டை இல்லை, ஐம்பதுகளின் கிராமத்தில் இரண்டு சிறுமிகளும் ஒரு பூதமும் என்றால் யார் வருவார்கள்? அதோடு இன்னொரு இயக்குநர் தகாஹாதாவின் போர்க்காலப் படமான ஃபயர்ஃபிளைஸையும் சேர்த்துவிடலாம் என்று யோசனை சொன்னபோது, பூதம் போதாதென்று கல்லறை வேறா என்று கேட்டார்களாம். தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி பின்னாளில் சொன்ன கதை இது. கடைசியில் மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகம் ஃபயர்ஃபிளைஸுக்குப் பணம் போட்டது, தோகுமா ஷோட்டன் என்ற இன்னொரு பதிப்பகம் டோட்டோரோவுக்குப் போட்டது. சின்ன ஸ்டூடியோ, ஒரே நேரத்தில் இரண்டு முழுநீளப் படங்கள். விளைவு? ஃபயர்ஃபிளைஸ் முழுதாக முடியாமலே தியேட்டருக்குப் போனது. கதையின் அண்ணன் செய்தா காய்கறி திருடி மாட்டிக்கொள்ளும் இடத்தில் வண்ணம் தீட்டாத வெறும் கோட்டோவியங்களைத்தான் முதல் பார்வையாளர்கள் பார்த்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களின் கதி என்ன என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த ஜோடி வெறும் வியாபாரக் கட்டாயத்தில் அமைந்தது என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியவில்லை. இரண்டிலும் சாப்பாட்டைக் கவனியுங்கள். டோட்டோரோவில் அக்கா சட்சுகி காலையில் எழுந்து எல்லோருக்கும் மதிய உணவு கட்டுகிறாள். ஊர்ப் பாட்டி தோட்டத்தில் பறித்துக் குளிர்ந்த நீரில் போட்ட வெள்ளரிக்காயைப் பிள்ளைகள் கடித்துத் தின்கிறார்கள். குட்டி மேய், ஒரு சோளக்கதிரை அம்மாவுக்குக் கொடுத்தால் உடம்பு சரியாகிவிடும் என்று நம்பி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வழி தவறுகிறாள். இன்னொரு படத்தில் 4 வயதுத் தங்கை செட்சுகோ, காலியான மிட்டாய் டப்பாவில் அண்ணன் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறாள். இரண்டு படத்திலும் அம்மா பக்கத்தில் இல்லாத இரண்டு பிள்ளைகள். ஒன்றில் அக்கம்பக்கத்தார் சோறு போடுகிறார்கள், இன்னொன்றில் போடவில்லை. கதை பிரிவது அந்த ஒரு இடத்தில்தான்.

ஃபயர்ஃபிளைஸைப் போர் எதிர்ப்புப் படம் என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். இயக்குநர் இசாவோ தகாஹாதா அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரோடும் உறவோடும் ஒட்டாமல் தங்கள் சின்ன உலகத்துக்குள் ஒதுங்கிப்போகும் பிள்ளைகளின் கதையாக, அன்றைய இளைஞர்களுக்கும் பொருந்தும் கதையாகவே அவர் பார்த்தார். அவர் 9 வயதில் ஒகயாமா விமானத் தாக்குதலில் எரியும் தெருக்களில் ஓடித் தப்பியவர். மூலக்கதை எழுதிய அகியுகி நோசாகா, 1945 ஜூன் 5ஆம் தேதி கோபே நகரம் எரிந்தபோது அங்கே இருந்தவர். அந்தக் கோடையில் அவருடைய குட்டித் தங்கை சத்துணவில்லாமல் செத்துப்போனது. கதையில் வரும் அண்ணன் அளவுக்கு நான் நல்லவனாக இருக்கவில்லை, தங்கையின் பங்கையும் நானே தின்றேன் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குற்ற உணர்ச்சி தெரிந்த பிறகு படத்தைப் பார்த்தால், செய்தா தங்கைக்கு ஊட்டும் ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி கனக்கும்.

சரி, அகிராவுக்கு வருகிறேன். ஜூலை 16 வெளியீடு. படத்தின் முதல் காட்சியில் டோக்கியோ வெடித்து அழிகிற தேதியும் 1988 ஜூலை 16தான். இந்தக் குறும்புக்காகவே இயக்குநர் கட்சுஹிரோ ஓட்டோமோவுக்கு ஒரு கைதட்டல். தரத்தைப் பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை. 1,50,000க்கும் மேற்பட்ட செல் ஓவியங்கள், அதாவது ஒளிபுகும் தாளில் கையால் தீட்டியவை. வசனத்தை முதலில் பதிவு செய்து அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். பொதுவாக ஜப்பானில் படம் வரைந்த பிறகுதான் குரல் கொடுப்பார்கள். கெய்னோ யமாஷிரோகுமி குழுவின் இசை. இரவில் அந்தப் பைக்குகளின் பின்விளக்கு கோடாக இழுத்துக்கொண்டு போவதை எத்தனை பேர் காப்பியடித்துவிட்டார்கள்! கதை நடக்கும் 2019இல் அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் என்று வைத்திருந்தார் மனுஷன், அது உண்மையிலேயே 2020க்குத்தான் திட்டமிடப்பட்டது. அதற்காக அவரைத் தீர்க்கதரிசி ஆக்குகிற மீம்கள் எனக்குச் சலித்துவிட்டன.

எனக்கு அகிராவில் உறுத்துவது வேறு. நாயகன் கனேதாவின் சிவப்பு ஜாக்கெட்டின் முதுகில் என்ன இருக்கிறது? ஒரு மாத்திரை. அந்த ஊர்ப் பையன்கள் வாயில் போட்டுக்கொள்வது மாத்திரைதான். பணம் கொழிக்கும் நகரம், வானத்தைத் தொடும் கட்டடம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள். ஓட்டோமோ 1954இல் பிறந்தவர், போரைப் பார்த்தவர் அல்ல. அவருக்கு அழிவு என்பது ஒரு காட்சி, அதுவும் கண்கொள்ளாக் காட்சி. படம் முழுக்க அந்தக் கவர்ச்சி இருக்கிறது. அதைத் தப்பென்று சொல்லவில்லை. பக்கத்திலேயே, உண்மையில் எரிந்த ஊரிலிருந்து தப்பி வந்தவர்கள் அதே ஆண்டில் எடுத்த படங்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

அப்படியிருக்க 1988 ஏன் அகிராவின் ஆண்டாக மட்டும் நம் தலையில் பதிந்தது? நாம் அனிமே வரலாற்றைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தோம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அகிரா போய், ஜப்பான்காரன் கார்ட்டூன் என்றால் இப்படியும் இருக்குமா என்று அங்கே வாய் பிளந்தார்கள். அவர்கள் போட்ட பட்டியலைத்தான் நாம் இன்றுவரை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். ஆன்பான்மேன் அந்தப் பக்கம் எடுபடவே இல்லை. அங்கே எடுபடாதது நம் பட்டியலிலும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அகிராவின் அனிமேஷனைச் செய்த டோக்கியோ மூவி ஷின்ஷா நிறுவனம்தான் ஆன்பான்மேனையும் எடுத்தது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, மூன்று மாதத்துக்கும் குறைவான இடைவெளி.

பன் தலையனைப் படைத்த தகாஷி யானசேவுக்குத் தொடர் தொடங்கியபோது வயது 69. மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு திரிகிற வயது. அதுவரை அவர் பாட்டு எழுதினார், மேடை அமைத்தார், புகழ்பெற்ற படக்கதைக்காரர் ஒசாமு தெசுகா கூப்பிட்டு ஒரு படத்துக்குப் பாத்திரங்களை வடிவமைத்தார், ஆனால் கார்ட்டூனிஸ்ட் என்ற முறையில் இதுதான் அவர் படைப்பு என்று ஊர் சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. 1973இல் ஆன்பான்மேனைக் குழந்தைகள் படக்கதைப் புத்தகமாகப் போட்டார். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் தின்னக் கொடுப்பது என்ன கொடூரம் என்று ஆசிரியர்களும் விமர்சகர்களும் முகம் சுளித்தார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளோ புத்தகம் கந்தலாகும்வரை புரட்டினார்கள். தொலைக்காட்சியிலும் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. மாலை 5 மணிக்கு ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள்.

யானசே போரில் சீனாவுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய். தம்பி போரில் இறந்துபோனார். நீதிக்கான போர் என்று சொல்லி அனுப்பினார்கள், போர் முடிந்ததும் அதே நீதி தலைகீழாகிவிட்டது. அப்படிப் புரளாத நீதி ஏதாவது உண்டா என்று யோசித்து அவர் கண்டது ஒன்றைத்தான்: பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுப்பது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் சரிதான். இதை அவர் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொன்னார். நல்லது செய்தால் தனக்கும் அடிபடும். அதனால்தான் ஆன்பான்மேன் முகத்தைக் கொடுத்ததும் பலவீனமாகிறான். தலை ஈரமானாலும் சுருண்டு விழுவான். பேக்கரிக்கார ஜாம் மாமா புதுத் தலை சுட்டுக் கொடுத்தால்தான் மறுபடி எழுவான். தன்னந்தனியாக ஜெயிக்கவே முடியாத சூப்பர்ஹீரோ! ஷோனென் எனப்படும், பையன்களுக்கான சண்டைத் தொடர்களில் எழுபது எபிசோடு கழித்து 'நட்பின் பலம்' என்று கத்திக் கண்டுபிடிப்பதை இங்கே 3 வயதுக் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

தொடக்கப் பாட்டின் வரிகளும் யானசேவுடையவைதான். எதற்காகப் பிறந்தோம், எதைச் செய்து வாழப்போகிறோம், அது தெரியாமலே முடிந்துபோவது வேண்டாம் என்ற பொருளில் வரும். பால்குடி மறந்த பிள்ளைக்கு இதையா பாடுவது? 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஊர்கள் அழிந்தபோது, வானொலிக்கு இந்தப் பாட்டைக் கேட்டு வேண்டுகோள்கள் வந்தன. அப்போது அதைப் பாடித் தேறியவர்களில் பெரியவர்களும் உண்டு.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். ஆன்பான்மேனின் அனிமேஷன் சாதாரணம். வாராவாரம் பைகின்மேன் என்ற கிருமி வில்லன் வம்பிழுப்பான், ஒரு குத்து வாங்கிப் பறந்துபோவான். பெரியவர்கள் உட்கார்ந்து தொடர்ந்து பார்க்க முடியாது, என்னாலும் முடியவில்லை. டோட்டோரோவோடு ஒரே தட்டில் வைக்கிற கலைப்படைப்பா என்றால் இல்லை. ஆனால் ஓர் ஆண்டை நினைவில் வைக்கும்போது ஓவியத் தரத்தை மட்டுமா எடை போடுவது? அந்தத் தொடர் இன்னும் ஓடுகிறது. அன்று குரல் கொடுத்த கெய்கோ தோதா இன்னும் ஆன்பான்மேனாகப் பேசுகிறார். ஜப்பானில் பிறக்கிற குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் அறிமுகமாகும் அனிமே முகம் அந்த வட்ட முகம்தான். 2013இல் கோபே துறைமுகத்தை ஒட்டி ஆன்பான்மேன் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆமாம், ஃபயர்ஃபிளைஸில் எரிகிற அதே கோபே. அதே ஆண்டு அக்டோபரில் யானசே 94 வயதில் காலமானார்.

அகிரா பார்த்துவிட்டு இயக்குநரானவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சந்தேகமே இல்லை, பெரிய படம். ஆனால் எனக்கு 1988 என்றால், பணத்தில் மிதந்த ஒரு நாட்டிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட கிழவர்களின் ஆண்டு.

பார்க்காதவர்கள் பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். கிப்லி படங்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற உத்தேசம் இருந்தால் முதலில் ஃபயர்ஃபிளைஸ், பிறகு டோட்டோரோ. மாற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்ட வராதீர்கள்.