‘அது எங்க லிமிட் இல்ல சார்’

எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட்டு நாற்பது நாள்தான் ஆகியிருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அப்படியே மேலே போட்டதில் வீட்டு வாசலில் இருந்த மூன்று படிகளில் ஒன்று காணாமல் போனது தனிக்கதை. ஒருநாள் காலை பால் வாங்கக் கிளம்பினால், தெரு நடுவில் நீளமாகப் பள்ளம். குழாய் பதிக்கிறார்களாம். “தார் போடறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்கலாமே?” என்று கேட்டேன். “எங்களுக்கு ஆர்டர் இப்பதான் சார் வந்துச்சு” என்றார் மண்வெட்டியோடு நின்றவர். அவர்மேல் கோபம் வரவில்லை, உண்மையைத்தானே சொன்னார். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் (எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும்) மேலே தலைப்பில் உள்ள பதில் கிடைத்தது.

சரி, சென்னையில் யாருக்கு எது லிமிட்?

உட்தெருக்கள் மாநகராட்சியுடையவை. அண்ணா சாலை மாதிரி பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் தனியாக அமைத்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கேபிள் மின்வாரியத்துடையது. மேலே ஓடும் பஸ் மாநில அரசின் போக்குவரத்துக் கழகம். மின்சார ரயில் ரயில்வேயுடையது. மெட்ரோவோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம்.

1688-இல் பிறந்த மாநகராட்சி இது. 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. 200 வார்டுகள். ஆனால் ஒரு பஸ்ஸை அடுத்த தெரு வழியாகத் திருப்பி விடக்கூட மேயருக்கு அதிகாரம் கிடையாது. லண்டனில் நகரப் போக்குவரத்து அமைப்புக்கு மேயர்தான் தலைவர். பஸ் கட்டணம் ஏறினால் தேர்தலில் அவரைப் பிடித்துக் கேட்பார்கள். இங்கே 2016 முதல் 2022 வரை கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை.

தெருப் பள்ளம் சின்ன விஷயம். சென்னையின் தென்கோடியில் உள்ள கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30-இல் அங்கே வெளியூர் பஸ்களுக்கான பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கட்டடம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கமே தண்டவாளம் போகிறது, ரயிலும் ஓடுகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே நிற்க ஸ்டேஷன் இல்லை. திருநெல்வேலியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தவர், மூட்டை முடிச்சோடு இறங்கி, கண்ணெதிரே போகும் மின்சார ரயிலைப் பார்த்துவிட்டு, அதைப் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போகவேண்டியிருந்தது. முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஸ்டேஷன் ரயில்வேயின் வேலை. அவரவர் கோப்பில் அவரவர் சரி. இது முதல் தடவையும் அல்ல. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-இல் வந்தது, அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015-இல்.

இதையெல்லாம் கோர்க்கத்தான் ‘கும்டா’ என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். 2010-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022-இல்! ஆனாலும் அதன் வழியாக ஒரு நல்ல காரியம் நடந்தது. இப்போது செல்போனில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். பல வருஷம் முடியாது என்று சொல்லிவந்த விஷயம். ஆக, ஒரு மேஜையில் உட்கார வைத்தால் உட்காருகிறார்கள்.

அப்புறம் ஏன் தோண்டுவதற்கு ஒரு மேஜை இல்லை? ஒவ்வொரு வார்டிலும் அந்த வருஷம் யார் எந்தத் தெருவை வெட்டப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே ஒரே பட்டியலாகப் போடட்டும். வெட்டி முடித்தபிறகு தார் போடட்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே வெட்ட வருகிறவரைத் தடுக்கும் அதிகாரம், கையெழுத்துப் போடும் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். குழாய் உடைந்தால் வெட்டத்தான் வேண்டும், அது வேறு. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடப்பதாகச் சொல்வார்கள். நடக்கலாம். கூட்டம் போட்டவருக்கு மறுநாள் ஒரு வேலையை நிறுத்தும் உரிமை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நேற்று எங்கள் தெருப் பள்ளத்தை மூடினார்கள். மண்ணைத் தள்ளி, மேலே ஜல்லி கொட்டிவிட்டுக் கிளம்பினார்கள். தார் எப்போது என்று கேட்டேன். அது வேற கான்ட்ராக்ட்டாம்.