கொலஸ்ட்ரால் குறைந்தால் புற்றுநோயா? யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சிங்கப்பூரில் நம்ம புளோக் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய வாய்ஸ் மெசேஜை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கொலஸ்ட்ரால் நாலுக்குக் கீழே போனால் புற்றுநோய் வருமாம், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்த ஒரு பெரியவர் அதை நம்பி நிறுத்தியே விட்டார். அந்த மெசேஜுக்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. மனசு ஆறவில்லை.

தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 4.1-க்குக் கீழே (இங்கே mmol/L கணக்கு; இந்தியாவில் எடுத்த ரிப்போர்ட்டில் mg/dL கணக்கில் 160) இருந்தவர்களிடம் நுரையீரல், கல்லீரல் நோய், சில புற்றுநோய் இறப்புகள் கூடுதலாக இருந்ததை 1990களிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் முதலில் வந்தது எது? கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது கல்லீரல். அது கெட்டால் எண் இறங்கும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், காசநோய் இருந்தாலும், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தாலும் இறங்கும். உள்ளே வளரும் புற்றுநோயும் இறக்கும். நோய்தான் எண்ணை இறக்குகிறது.

மாத்திரையால் இறங்குவது வேறு கதை. சுமார் 1,70,000 பேர் பங்கேற்ற ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை வகை) ஆய்வுகளைச் சேர்த்து 2010-இல் அலசினார்கள். புற்றுநோய் கூடவில்லை. பிசிஎஸ்கே9 மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்கு மாரடைப்புதான் குறைந்தது.

"மூளையில் ரத்தக்கசிவு வருமே?" நியாயமான கேள்வி. 1989-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 4.1-க்குக் கீழ் இருந்த ஆண்களிடம் அந்த ஆபத்து கூடியது, அதுவும் ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களிடம். பக்கவாதம் வந்தவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 80 மில்லிகிராம் கொடுத்த 2006 ஆய்விலும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் 55 பேருக்கும் ரத்தக்கசிவு வந்தது. ஆனாலும் மொத்தப் பக்கவாதம் குறைந்தது. ஆகவே பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள். ஏற்கெனவே ரத்தக்கசிவு வந்தவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். "எல்லாம் மருந்துக் கம்பெனி வியாபாரம்" என்பவர்களுக்கு: பரவலாகக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் காப்புரிமை முடிந்து பல வருடமாகிறது.

கவலைப்பட வேண்டியது எப்போது தெரியுமா? மாத்திரையே போடாதவருக்கு எண் திடீரென்று சரியும்போது. ஹெல்த்ஹப் (நம் மருத்துவப் பதிவுகள் இருக்கும் செயலி) உள்ளே பழைய ரிசல்ட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். எடையும் இறங்கியிருந்தால் கல்லீரல், தைராய்டு டெஸ்ட் வேண்டுமா என்று கேளுங்கள். கடும் காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த எண்ணை நம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

நிறுத்தியவர்கள் அதை பாலிகிளினிக்கில் சொல்வதில்லை, அதுதான் இன்னும் வேதனை. சில வாரங்களில் எல்டிஎல் பழையபடி ஏறிவிடும். மாத்திரை போதவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். அந்தப் பெரியவரின் பிள்ளைகள் இதைப் படித்தால், இன்றைக்கே அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஸ்டென்டுக்குக் கொடுத்த ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், அடுத்த அப்பாயின்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.